யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிய கதை

யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு ஏடு தொடக்குவது பெரும்பாலும் விசயதசமியில்தான். மடியில் இருத்தி, கையைப் பிடித்துப் பச்சரிசியில் 'அ' எழுதுவிப்பார்கள். அச்சுப் புத்தகம் வருவதற்கு முந்திய காலத்தில் அதற்குப் பிறகு மணல்தான் பலகை. திண்ணையில் பரப்பிய மணலில் எழுத்தை வரைந்தபடியே உரத்துச் சொல்லவேண்டும். கை படிந்தபின் பனையோலையும் எழுத்தாணியும். அரிவரி முடிந்தால் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், பிறகு நிகண்டு. எல்லாம் மனனம்.

பொருள் விளங்காமல் நெட்டுருப் போடவைத்தார்கள் என்று அந்தக் காலத்து வாத்தியார்களான சட்டம்பிமாரைக் குறைசொல்வது எளிது. ஓர் ஓலைச்சுவடியை எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி குத்துவதில்லை. 'க'வும் 'க்'கும் ஒன்றுபோலவே இருக்கும். ரகரத்துக்கும் காலுக்கும் (ா) ஒரே வடிவம். எகரமா ஏகாரமா என்று தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. பாட்டு முன்பே காதில் ஏறியிருந்தாலன்றி ஒரு சிறுபிள்ளை அதை வாசிக்க வழியே இல்லை.

மணலெழுத்து கடல் கடந்தும் போனது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். அதைப் பற்றி 1797இல் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளும் மணலில் எழுதிப் பழகினார்கள்.

யாழ்ப்பாணத்திலோ, 1816இல் அமெரிக்க மிசன் தெல்லிப்பழையில் காலூன்றியது. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை, அதன்பின் மானிப்பாயில் அச்சகம். அச்சில் புள்ளியும் இடைவெளியும் துலக்கமாக வந்தன.

அந்த வசதியைச் சிறுபிள்ளைக்கான தமிழ் வசனமாக்கியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பாதிரியார் பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மறுவருடம் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து, பாலபாடத்தை வெளியிட்டார். எழுத்து, சொல், சிறு வாக்கியம் என்று படிப்படியாக ஏறும் நூல் அது. முன்பின் கேட்டறியாத வசனத்தையும் பிள்ளை தானே கூட்டி வாசிக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய காரியம். சைவக் காவலர் என்று நாவலரைப் பேசும் அளவுக்கு, அரிவரிப் பிள்ளைக்காக உட்கார்ந்து எழுதிய வாத்தியார் என்று அவரைப் பேசுவதில்லை. பேசவேண்டும்.

ஆனாலும் பாலபாடத்தின் நாட்டம் கடவுளிலும் ஒழுக்கத்திலும்தான். பிள்ளையின் முற்றத்துக்கும் விளையாட்டுக்கும் அங்கே அதிக இடமில்லை. அவற்றைப் பாட்டாக்கியவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). ஆடிப்பிறப்புக்கு அவிக்கும் கொழுக்கட்டை, காய்ச்சும் கூழ், கத்தரித் தோட்டத்து வெருளி என்று ஊரே அவர் பாட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகுமுன்பே வீட்டில் பாடக்கேட்டு இவற்றைப் பாடமாக்கிவிடும் பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை, புத்தகத்தில் அதே பாட்டைக் கண்டதும், வாயில் இருக்கும் அடிக்கு எந்த எழுத்துப் பொருந்தும் என்று தானே தேடும். கொழுக்கட்டையின் 'கொ'வை ஒருவரும் காட்டாமலே பிடித்துவிடும்.