ஷேர்பாயின்ட்டில் ஒரு பழைய உத்தி

மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயின்ட் 2003-ல் ஆவண நூலகங்களுக்கு மட்டும்தான் ஈவென்ட் ஹேண்ட்லர் எழுதலாம். அதுவும் ஆவணம் உள்ளே போன பிறகே ஓடும், தடுக்க வழியில்லை. 2007 பதிப்பில் மற்ற லிஸ்ட்களுக்கும் வந்தது, பதிவாகும் முன்பே நிறுத்தவும் முடிந்தது. எங்களுக்கெல்லாம் தீபாவளிதான்!

ஆனால் பயனர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், திரையில் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று அறிய எச்டிடிபி கான்டெக்ஸ்ட் வேண்டுமே. 'ஐட்டம் ஆடிங்' உள்ளே தேடினால் காலி. கன்ஸ்ட்ரக்டரிலேயே அதைப் பிடித்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்வதுதான் அன்றைய உத்தி. வந்தவரை வாசலிலேயே விசாரிப்பது மாதிரி.

'ஐட்டம் ஆடட்' பின்னணியில் தனி த்ரெட்டில் ஓடும். அங்கே இது பலிக்காது. டைமர் ஜாப் எழுதும் பதிவுக்குத் திரையே கிடையாது. அதனால் தொகை, அனுமதி போன்ற சோதனைகளைத் திரையை நம்பி நான் எழுதியதேயில்லை.