ஒரு சிப்பாய் குறைத்து

கால்பந்து வீடியோ விளையாட்டு ஆடும் பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். பந்தை உதைப்பதற்கு முன்பே அவர்களுக்கு ஒரு பெரிய யோசனை வந்துவிடுகிறது. எதிரி எவ்வளவு கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்பதை அவர்களேதான் தீர்மானிக்க வேண்டும்! கற்றுக்குட்டி முதல் மகாவீரன் வரை படிகள். அது போதாதென்று ஓட்டத்தின் வேகம், கோல் காப்பவனின் திறமை, உதை குறி தவறும் அளவு என்று ஒவ்வொன்றையும் கூட்டவும் குறைக்கவும் தனித்தனிக் கோடுகள். மிகவும் குறைத்துவிட்டால் பத்துக் கோல் போட்டும் சந்தோஷமில்லை. ஏற்றிவிட்டாலோ கண்ணில் நீர் முட்டுகிறது. கதை எழுதுகிறவனுக்கும் ஏறக்குறைய இதே சங்கடந்தான். கதாநாயகனுக்கு எவ்வளவு கஷ்டம் கொடுப்பது?

இது யந்திர யுகத்தின் கவலை அல்ல. சதுரங்கப் பலகைக்கு இது பழைய தலைவலி. நீடாமங்கலத்துக்கு அருகே திருப்பூவனூரில் சிவபெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். யாராலும் வெல்ல முடியாத ராஜகுமாரியை, ஈசன் கிழவர் வேடத்தில் வந்து சதுரங்கத்தில் ஜயித்து மணந்துகொண்டார் என்பது அவ்வூர்த் தலக்கதை. அங்கே குறை சமமான எதிரி கிடைக்காததுதான்.

ஐரோப்பாக்காரர்கள் அதற்கு வேறு வழி கண்டார்கள். பலசாலி தன் சிப்பாய் ஒன்றையோ, குதிரையையோ முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு ஆடுவார். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இது சர்வசாதாரண வழக்கம். பாரிஸில் தெஷாப்பெல் என்ற ஆட்டக்காரர், ஒரு சிப்பாயும் இரண்டு நகர்த்தல்களும் விட்டுக்கொடுத்து ஆடுவதையே தம் வழக்கமாக வைத்திருந்தார். அமெரிக்கரான பால் மார்பி ஐரோப்பாவை வென்று திரும்பிய பிறகு, ஒரு சிப்பாயும் முதல் நகர்த்தலும் விட்டுக்கொடுத்து உலகில் எவரோடும் ஆடத் தயார் என்று அறிவித்தார். பெரிய ஆட்டக்காரர் எவரும் முன்வரவில்லை. எப்படி வருவார்கள்? ஜயித்தால் புகழில்லை, தோற்றால் முகமில்லை. சலுகை வாங்குகிறவனுக்குக் கொடுக்கிறவனைவிட ரோஷம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

1970-ல் சர்வதேச சதுரங்க சம்மேளனம் பேராசிரியர் ஆர்பாட் ஈலோவின் கணக்கை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவருக்கு நூற்றுக்குச் சுமார் 76 பங்கு கிடைக்கும் என்பது கணக்கு. கம்ப்யூட்டர் வந்தபின் காயை எடுத்து வைக்கும் வேலையும் போயிற்று. ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரலில் 0 முதல் 20 வரை திறமையைத் திருகி வைக்கலாம். தாழ்ந்த படிகளில் அது வேண்டுமென்றே தவறு செய்கிறது. தெரிந்தே தோற்கும் தாத்தாவுக்கு உள்ள முகபாவந்தான் அதற்கு இல்லை!

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போனால் வந்துவிடும் மாமல்லபுரத்தில், 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-வது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. ருஷ்யாவில் நடந்திருக்க வேண்டியது. உக்ரைன் யுத்தத்தால் இங்கே வந்தது. பூஞ்சேரி ஹோட்டல் வளாகத்தில் 186 நாட்டுக்காரர்கள் கூடினார்கள். எட்டு வயதுப் பாலஸ்தீனச் சிறுமிகூட ஒரு பலகையின் முன் உட்கார்ந்திருந்தாள். இங்கே எதிரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஸ்விஸ் முறை என்று ஒன்று. ஒலிம்பியாடில் 1976 முதல் இதுதான். முதல் சுற்றில் பெரிய அணிகள் சின்ன அணிகளோடு மோதும். அதற்குப்பின் ஏறக்குறைய ஒரே புள்ளி பெற்றவர்கள் ஒருவரோடொருவர் ஆட வேண்டும். ஜயிக்க ஜயிக்க எதிரி கனத்துக்கொண்டே போவான். தோற்றவனுக்கு அடுத்த நாள் தன்னையொத்தவன் கிடைப்பான். யாருக்கும் ஒரு காயும் குறையவில்லை, யாருக்கும் அவமானமுமில்லை. இதைக் காட்டிலும் கண்ணியமான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

இந்தியாவின் இரண்டாவது அணியில் முதல் பலகையில் ஆடியவர் சென்னையைச் சேர்ந்த பதினாறு வயது குகேஷ். பிற்பாடு, 2024-ல், உலக சாம்பியன் ஆனவர். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, வளரும் பருவத்தில் பையனைக் கம்ப்யூட்டர் பக்கமே விடாமல் வைத்திருந்தார். எந்தப் படியில் வைப்பது என்ற கேள்விக்கே இடமில்லை, பெட்டியையே திறக்காதே! அப்படி வளர்ந்தவர் மாமல்லபுரத்தில் முதல் எட்டு ஆட்டங்களையும் ஜயித்தார். எட்டாவதில் வீழ்ந்தவர் அமெரிக்காவின் கருவானா.

பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தான். தரவரிசையில் 14-வதாக வந்த இளைஞர் அணி. குகேஷுக்கு எதிரே அப்துசத்தோரவ். குகேஷின் கை மேலோங்கியிருந்த ஆட்டம் அது. கடிகாரம் நெருக்க, ஒரு நகர்த்தல் தவறிற்று. தோற்றுப்போனார். மற்றொரு பலகையில் பிரக்ஞானந்தா ஜயித்து, பந்தயத்தை 2-2 என்று சமன் செய்தார். மறுநாள் இந்திய இளைஞர்கள் ஜெர்மனியை வென்று வெண்கலம் பெற்றார்கள். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெள்ளி ஆர்மீனியாவுக்கு. முதல் பலகைக்கான தனிநபர் தங்கம் மட்டும் குகேஷுக்குக் கிடைத்தது.