சோதனைப் பணிக்காலம் (ஐக்கிய அமெரிக்கா)

சோதனைப் பணிக்காலம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு இயலாமைக் காப்பீட்டின் கீழ் மாதத்தொகை பெறும் ஒருவர், அத்தொகையை இழக்காமலேயே வேலைக்குச் சென்று தம் உடல்நிலை அதற்கு இடங்கொடுக்கிறதா எனச் சோதித்துப் பார்க்க அளிக்கப்படும் ஒன்பது மாத காலத்தைக் குறிக்கும். இக்காப்பீடு ஊதியத்தில் பிடிக்கப்படும் வரியிலிருந்து நடத்தப்படுகிறது. எனவே இதனைப் பெறுவோர், நோய்வாய்ப்படும் முன்னர் போதிய ஆண்டுகள் உழைத்து வரி செலுத்தியவர்கள் ஆவர்.

வரலாறு

இயலாமைக் காப்பீட்டுச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் 1956 ஆகத்து 1 அன்று கையெழுத்திட்டார். தொடக்கத்தில் 50 முதல் 64 வயது வரையிலான தொழிலாளர்களுக்கே மாதத்தொகை கிடைத்தது. 1960 ஆம் ஆண்டுத் திருத்தம் வயதுக் கட்டுப்பாட்டை நீக்கியதுடன், சோதனைப் பணிக்காலத்தையும் பரவலாக அறிமுகப்படுத்தியது. இளையோரும் திட்டத்திற்குள் வந்ததால், மீண்டும் வேலைக்குத் திரும்பக்கூடியவர்களைப் பற்றிய கேள்வி அப்போது எழுந்தது இயல்பே.

செயல்படும் முறை

ஒரு மாதத்தின் வருவாய் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டுமே அது சோதனை மாதமாக எண்ணப்படும். 2025 ஆம் ஆண்டில் இவ்வளவு 1,160 டாலராக இருந்தது. வரி பிடித்தத்திற்கு முந்தைய வருவாயே கணக்கில் கொள்ளப்படுகிறது. சுயதொழில் செய்வோர் மாதத்திற்கு 80 மணி நேரத்துக்கு மேல் உழைத்தாலும் அம்மாதம் எண்ணப்படும். ஒன்பது மாதங்களும் அடுத்தடுத்து வரவேண்டியதில்லை. தொடர்ச்சியான 60 மாதங்களுக்குள் அமைந்தால் போதும். இம்மாதங்களில் ஒருவர் எவ்வளவு ஈட்டினாலும் முழுத் தொகையும் கிடைக்கும். ஆனால் வேலை செய்வதைச் சமூகப் பாதுகாப்பு நிருவாகத்திற்குத் தெரிவித்தாக வேண்டும். இயலாமையும் நீடிக்க வேண்டும்.

ஒன்பது மாதங்கள் முடிந்ததும் 36 மாதங்கள் கொண்ட நீட்டிக்கப்பட்ட தகுதிக்காலம் தொடங்குகிறது. இங்கிருந்து வேறொரு வரம்பு செயல்படும். 'கணிசமான வருவாய்ப் பணி' எனப்படும் இவ்வரம்பு 2025 இல் மாதத்திற்கு 1,620 டாலராகவும், பார்வையற்றோருக்கு 2,700 டாலராகவும் இருந்தது. வருவாய் இதனை மீறும் மாதத்தில் தொகை இல்லை. மீறாத மாதத்தில் உண்டு. புதிதாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. முதன்முறை மீறும் மாதத்திற்கும் அதற்கடுத்த இரு மாதங்களுக்கும் சலுகையாக முழுத்தொகை வழங்கப்படும். இயலாமை காரணமாக வேலைக்குச் செல்லத் தேவைப்படும் மருந்து, சிறப்பு ஊர்தி போன்றவற்றிற்குத் தாமே செலவிடும் பணத்தை வருவாயிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பலர் அறியாத விதி இது.

36 மாதங்களுக்குப் பின்னர் வரம்பை மீறினால் தகுதியே முடிவுக்கு வரும். எனினும் ஐந்து ஆண்டுகளுக்குள் அதே நோயால் மீண்டும் வேலையை விட நேர்ந்தால், விரைவு மீட்பு முறையில் கோரலாம். கோரிக்கை ஆராயப்படும்போது ஆறு மாதங்கள் வரை இடைக்காலத் தொகை கிடைக்கும். இம்முறையை ஏற்படுத்திய சட்டம் 1999 திசம்பரில் கிளின்டனால் கையெழுத்திடப்பட்டது. முதியோருக்கும் இயலாமையுற்றோருக்குமான மெடிகேர் மருத்துவக் காப்பீடு, சோதனைக்காலம் முடிந்த பின்னும் குறைந்தது 93 மாதங்கள் தொடரும். தொடர் சிகிச்சையில் உள்ள ஒருவருக்கு மாதத்தொகையைவிட இதுவே பெரிய கவலையாக இருக்கக்கூடும்.

வருவாய்ப் பள்ளம்

இத்திட்டத்தின் மீதான முதன்மைக் குறை, தொகை படிப்படியாகக் குறையாமல் ஒரே அடியில் நின்றுபோவதாகும். 1,500 டாலர் மாதத்தொகை பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சலுகை மாதங்களும் முடிந்துவிட்டன. அவர் 2025 இல் பகுதிநேர வேலையில் 1,600 டாலர் ஈட்டினால் மொத்தம் 3,100 டாலர் கிடைக்கும். வேலைநேரம் சற்றுக் கூடி 1,650 டாலர் ஈட்டினால் கிடைப்பது அந்த 1,650 டாலர் மட்டுமே. ஐம்பது டாலர் கூடுதலாக உழைத்ததற்கு 1,450 டாலர் இழப்பு. கூடுதல் நேர வேலையைச் சிலர் மறுப்பதைச் சோம்பல் எனக் கூறுவது பொருந்தாது. கணக்கு அவ்வாறு அமைந்துள்ளது.

இதற்கு மாற்றாக, வரம்புக்கு மேல் ஈட்டும் ஒவ்வோர் இரண்டு டாலருக்கும் ஒரு டாலரைக் குறைக்கும் முறை 2011 முதல் பத்துப் பகுதிகளில் பரிசோதிக்கப்பட்டது. பங்கேற்றோரின் சராசரி வருவாய் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. வழங்கப்பட்ட தொகையோ கூடியது. பள்ளத்தைச் சரிவாக்குவது மட்டும் போதாது என்பதை இம்முடிவு காட்டுகிறது. நோயின் ஏற்ற இறக்கத்தைச் சமன்பாட்டால் மாற்ற இயலாது.

மிகைக் கொடுப்பனவு

வருவாய் விவரம் நிருவாகத்தின் கணக்கில் தாமதமாகப் பதிவாகும்போது, தகுதியற்ற மாதங்களுக்கும் தொகை வந்துகொண்டே இருக்கும். பின்னர் அது கடனாகத் திருப்பிக் கேட்கப்படுகிறது. பயனாளர் நேர்மையாகத் தெரிவித்திருந்தாலும் இது நேரலாம். 2024 மார்ச்சு வரை, பயனாளர் வேறு ஏற்பாடு கோராவிடில் மாதத்தொகை முழுவதையுமே பிடித்தம் செய்வது வழக்கமாக இருந்தது. அவ்வாண்டு அது 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, 2025 இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. தவறு தம்முடையதல்ல என்றும், திருப்பிச் செலுத்துவது இன்றியமையாச் செலவுகளைப் பாதிக்கும் என்றும் நிறுவினால் தள்ளுபடி கோரலாம்.

துணை வருமானத் திட்டத்துடன் ஒப்பீடு

வறிய நிலையிலுள்ள முதியோர், பார்வையற்றோர், இயலாமையுற்றோர் ஆகியோருக்கான துணைப் பாதுகாப்பு வருமானம் தனித் திட்டமாகும். அதில் சோதனைப் பணிக்காலம் கிடையாது. வேறு வருமானம் இல்லாதவரின் மாத ஊதியத்தில் முதல் 85 டாலர் விடப்பட்டு, எஞ்சியதில் பாதி மட்டுமே தொகையிலிருந்து கழிக்கப்படும். இரு திட்டங்களிலும் ஒருசேரப் பயன்பெறுவோர் உள்ளனர். அவர்கள் ஒரே ஊதியச் சீட்டை இரு வேறு விதிகளின்படி கணக்கிட வேண்டியுள்ளது.