எட்வர்ட் லியரின் இந்தியக் கடிதங்கள்

ஆங்கிலக் கவிஞரும் நிலக்காட்சி ஓவியருமான எட்வர்ட் லியர் (1812–1888), அறுபது வயதைக் கடந்தபின், வைசிராய் நார்த்புரூக் பிரபுவின் ஆதரவில் இந்தியாவிலும் இலங்கையிலும் சஞ்சரித்த காலத்தில், தாயகத்து நண்பர்களுக்கு வரைந்த நிருபங்கள் இவை. 1872-இல் சூயஸ் வரை வந்து திரும்பிவிட்ட அவர், மறு ஆண்டு நவம்பரில் பம்பாயில் கரையிறங்கி, ஜியார்ஜியோ என்னும் கிரேக்க ஊழியரின் துணையோடு 1875 ஜனவரி வரை சுற்றினார்.

இருபத்தொரு குழந்தைகளில் இருபதாவதாகப் பிறந்த லியருக்குத் தாயின் ஸ்தானத்தில் இருந்தவர் தமக்கை ஆன். இளமையில் ரோமாபுரியிலிருந்து எழுதிய கடிதங்கள் அவருக்கே சென்றன. அவர் 1861-இல் காலமாகிவிட்டதால், இந்தியாவிலிருந்து எழுதியவை பெரும்பாலும் சிநேகிதர்களுக்கு, முக்கியமாகப் பின்னாளில் கார்லிங்ஃபோர்டு பிரபுவான சிசெஸ்டர் ஃபோர்ட்டெஸ்கியூவுக்கு உரியவை. வீட்டுக் கடிதத்தின் அந்நியோந்நியம் இவற்றில் சற்றுக் குறைவுதான்; ஹாஸ்யம் குறையவில்லை.

1874 ஆகஸ்டில் அவர் சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம் ஆகியவற்றைக் கண்டார். பின்னர் திருச்சி, தஞ்சை, நீலகிரி. காஞ்சிக்குக் கிழக்கே, ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் அடர்ந்திருக்கும் பிரதேசம், அந்நாளில் ஏரிப் பாசனத்தை நம்பிய வயற்காடு. அத்தகைய நிலத்தின் ஒளியையும் நிழலையும் பிடிக்க வந்தவர், பென்சில் சித்திரங்களின்மேலேயே தேதியையும் வர்ணக் குறிப்புகளையும் கிறுக்கிவைத்தார். மையும் சாயமும் பிறகே ஏறின. இந்தியச் சொற்களை வேண்டுமென்றே தாறுமாறாகப் பொருள்மாற்றி அவர் புனைந்த வேடிக்கைப் பாட்டொன்றும் அதே ஆண்டில் பம்பாய்ப் பத்திரிகையில் வெளிவந்தது.

பிரயாணத்தின் சலிப்பு முழுவதையும் கடிதங்களில் தேடுவது வீண். அங்கே மனக்குறை பரிகாசமாக வேஷம் மாறிவிடுகிறது. மழை, விடுதி, உணவு, செலவு, இலங்கையில் ஜியார்ஜியோ நோயுற்றது ஆகியவை லியரின் நாட்குறிப்பில்தான் ஒளிவின்றிப் பதிவாகியுள்ளன.

ஸ்ட்ரேச்சி சீமாட்டி பதிப்பித்த கடிதத் தொகுதிகள் 1907-இலும் 1911-இலும் வெளிவந்தன; இந்தியக் கடிதங்கள் இரண்டாவதில் உள்ளன. நாட்குறிப்பிலிருந்து தேர்ந்த பகுதிகளை ரே மர்ஃபி 1953-இல் வெளியிட்டார். சமகாலத்து அமெரிக்கரும், இவரைப் போலவே கவிதை, ஓவியம் இரண்டிலும் ஈடுபட்டு ஐரோப்பாவில் வசித்தவருமான கிறிஸ்டபர் பியர்ஸ் கிராஞ்சின் கடிதங்களை, 1917-இல் அவர் மகளே அச்சேற்றினார். மணமாகாத லியருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எனினும் அவருடைய நாட்குறிப்பின் மூலப்பிரதிகளும், ஆயிரக்கணக்கான சித்திரங்களும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. தமிழ்நாட்டை அவர் எப்படிக் கண்டார் என்று அறிய விரும்புவோர், கடிதங்களைவிட அவற்றையே முதலில் நாட வேண்டும்.