முஹம்மது ரியாஸ்: தமிழகம் தந்த ஒலிம்பிக் ஹாக்கி வீரர்



திருப்பாதிரிப்புலியூரில் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் பிடித்த விளையாட்டு வீரர் யார் என்று கேட்டால், ஏதாவது ஒரு கிரிக்கெட் வீரரின் பெயர்தான் வரும். தமிழகத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம், இந்திய ஹாக்கி அணிக்காக இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றார் என்பது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெற்றோரில் பலருக்கும் தெரியாது. அவர் பெயர் முஹம்மது ரியாஸ்.

நடுக்கள ஆட்டக்காரர்

ரியாஸ் 1972 மே 5 அன்று சென்னையில் பிறந்தவர். களத்தில் அவருடைய இடம் நடுக்களம். கோல் அடிப்பவரின் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். நடுக்களத்தில் ஆடுபவரின் பெயர் பெரும்பாலும் வராது. எதிரணியின் தாக்குதலைத் தடுத்து, பந்தைப் பறித்து, முன்வரிசைக்குக் கொடுத்துவிட்டு, மறுபடியும் தற்காப்புக்கு ஓடி வர வேண்டும். அன்றைய ஆட்டம் 35 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள். அந்த 70 நிமிடங்களும் அதிகம் ஓட வேண்டியவர்கள் நடுக்கள வீரர்களே.

விளையாட்டும் வேலையும்

அக்காலத்தில் இந்திய ஹாக்கியைத் தாங்கி நின்றவை ஐரோப்பாவில் உள்ளதைப் போன்ற தனியார் கிளப்புகள் அல்ல. ரயில்வே, ராணுவம், காவல்துறை, வங்கிகள், விமான நிறுவனங்கள் ஆகியவற்றின் அணிகளே. திறமையுள்ள இளைஞருக்கு அந்த நிறுவனத்திலேயே வேலை கிடைக்கும். அந்த அணிக்காக நாடு முழுவதும் போட்டிகளில் ஆடுவார். ரியாஸ் இந்தியன் ஏர்லைன்ஸ் அணிக்காக ஆடினார். தன்ராஜ் பிள்ளை போன்ற முன்னணி வீரர்கள் இருந்த பலமான அணி அது. சென்னையில் 1901 முதல் நடந்துவரும் எம்.சி.சி. - முருகப்பா தங்கக் கோப்பை போன்ற போட்டிகளில்தான் இத்தகைய நிறுவன அணிகள் மோதிக்கொள்ளும்.

அட்லாண்டா முதல் சிட்னி வரை

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பர்கத் சிங் தலைமையிலான இந்திய அணியில் ரியாஸ் இடம்பெற்றார். இந்தியா 8-வது இடமே பெற்றது.

இரண்டு ஆண்டுகளில் நிலை மாறியது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில், தன்ராஜ் பிள்ளை தலைமையிலான இந்திய அணி தென்கொரியாவை பெனால்டி ஸ்ட்ரோக் முறையில் வென்று தங்கம் பெற்றது. 1966-க்குப் பிறகு, 32 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த தங்கம் அது. அந்த அணியில் ரியாஸும் ஒருவர். அதே 1998-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது.

2000 சிட்னி ஒலிம்பிக் கசப்பான நினைவு. கடைசி லீக் ஆட்டத்தில் போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை. 1-0 என இந்தியா முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கூட இல்லாத நேரத்தில் போலந்து ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது. அரையிறுதி வாய்ப்பு பறிபோய், இந்தியா 7-வது இடத்துடன் திரும்பியது. அந்த அணியிலும் ரியாஸ் இருந்தார்.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஹாக்கியை விடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்குத் தயாரான இந்திய அணியில், ஆஸ்திரேலியரான மைக்கேல் நோப்ஸின் கீழ் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றினார்.

அவருக்கு முன்னும் சிலர்

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியின் கோல்கீப்பர்களில் ஒருவரான முனீர் சேட்டும் நம் மாநிலத்தவரே. 1980 மாஸ்கோவில் சென்னையின் வி. பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றபோது, முன்வரிசையில் வாரணாசியின் முஹம்மது ஷாஹிதும் ஜஃபர் இக்பாலும் ஆடினார்கள்.

நம் பிள்ளைகளுக்கு என்ன வழி?

பலமான முஃமின் அல்லாஹ்வுக்கு அதிகம் விருப்பமானவர் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும் ஹதீஸில் பதிவாகியுள்ளது. ஆனாலும் பத்தாம் வகுப்பு வந்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம், பிள்ளையின் விளையாட்டை நிறுத்துவதுதான். "விளையாடி என்ன சம்பாதிக்கப் போறே?" என்ற கேள்விக்கு, ஆட்டத்தையும் வேலையையும் ஒன்றாகக் கொண்டுபோன ரியாஸின் வாழ்க்கையே ஒரு பதில்.

கடலூர் அண்ணா விளையாட்டரங்கம் நமக்குத் தூரமில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன் விடுதிகளுக்கு ஆண்டுதோறும் மாணவ மாணவியரைத் தேர்வு செய்கிறது. ஹாக்கிக்குப் பெயர்போன கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற அரியலூர் இளைஞர் கார்த்தி செல்வம், 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை வென்ற இந்திய அணியில் இருந்தார். உயர்கல்வியிலும் அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு.

நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. மைதானப் பயிற்சி நடக்கும் மாலை நேரத்தில்தான் மக்தப் மதரஸாவும் நடக்கிறது. இரண்டில் ஒன்றை விடு என்று பிள்ளையிடம் சொல்வதைவிட, விளையாடும் பிள்ளைகளுக்கு ஃபஜ்ருக்குப் பின்போ மஃரிபுக்குப் பின்போ பாடம் வைக்க ஜமாஅத்தும் உஸ்தாதுகளும் பெற்றோரும் உட்கார்ந்து பேசினால் தீர்வு கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளிடம் ரியாஸைப் பற்றிச் சொல்லுங்கள்.