நகலெடுக்கப்பட்ட களஞ்சியமும் மூடப்பட்ட ஆலையும்: நோக்கியாவின் சிம்பியன் மூலநிரலை முன்வைத்து

2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நிகழ்வுகள் நடந்தன. ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி ஆலை அமைப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டு அரசும் பின்லாந்தின் நோக்கியா நிறுவனமும் கையெழுத்திட்டன. அதே மாதத்தில், லினக்ஸ் கெர்னல் உருவாக்கத்துக்குப் பயன்பட்டுவந்த பிட்கீப்பர் என்னும் வணிக மென்பொருளின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்கு மாற்றாக லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதினார்; மேட் மெக்கால் மெர்க்குரியலை வெளியிட்டார். 2010ஆம் ஆண்டில் இவ்விரு வரலாறுகளும் ஓரிடத்தில் சந்தித்தன. நோக்கியாவின் சிம்பியன் மூலநிரல் மெர்க்குரியல் களஞ்சியங்களாகப் பொதுவெளிக்கு வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அத்தளம் மூடப்பட்டது. பிறர் எடுத்துவைத்த படிகளே இன்று பொதுவெளியில் எஞ்சியுள்ளன. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்வைச் சான்றியல் நோக்கில் அணுக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பதிப்புக் கட்டுப்பாடு என்பது ஒரு நிரல்தொகுதியில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைத் தொடர்ந்து பதிந்துவைக்கும் முறை. முந்தைய சிவிஎஸ், சப்வெர்ஷன் ஆகியவற்றில் மாற்ற வரலாறு மையக் கணினியிலேயே இருந்தது. பயனர் பெற்றது குறிப்பிட்ட ஒரு நிலையின் படி மட்டுமே. கிட், மெர்க்குரியல் ஆகியவற்றின் 'குளோன்' கட்டளையோ கோப்புகளோடு முதல் கமிட் தொடங்கிய பதிவுகள் அனைத்தையும் கொண்டுவருகிறது. ஒவ்வொரு கமிட்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட அடையாள எண் உண்டு. அக்கணக்கில் முந்தைய கமிட்டின் எண்ணும் சேர்வதால், பழைய பதிவில் ஓர் எழுத்து மாறினும் அதற்குப் பிந்தைய எண்கள் யாவும் மாறிவிடும். இரு படிகளின் இறுதி எண் ஒன்றாயின், அதுவரையிலான வரலாறும் ஒன்றே எனக் கொள்ளலாம். (இதற்குப் பயன்பட்ட எஸ்எச்ஏ-1 முறையின் குறைபாடு 2017இல் செயல்முறையில் மெய்ப்பிக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது.)

சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஏடெழுதுவோர் கைப்பிழையாகவோ திருத்தமாகவோ செய்த மாற்றம் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்க நேர்ந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

சிம்பியன் நிறுவனத்தை முழுமையாகக் கையகப்படுத்தப்போவதாக நோக்கியா 2008 ஜூனில் அறிவித்தது. அதனையொட்டி அமைக்கப்பட்ட சிம்பியன் அறக்கட்டளை, 2010 பிப்ரவரியில் மூலநிரலை எக்லிப்ஸ் பொது உரிமத்தின் கீழ்த் திறந்துவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் அறக்கட்டளை தன் பணிகளைச் சுருக்கிக்கொண்டது. டிசம்பர் 17 அன்று தளங்கள் மூடப்பட்டன. 2011 ஏப்ரலில் நோக்கியா, தான் மீண்டும் வெளியிடும் நிரல் திறந்த மூலமன்று என்று வெளிப்படையாகவே அறிவித்தது. ஆயினும் 2010இல் வெளியானவற்றை அவ்வறிவிப்பு கட்டுப்படுத்தவில்லை. உரிமம் படியெடுக்க இசைவளித்திருந்தது. கருவி முழுமையாகப் படியெடுக்க வழிசெய்தது. தளம் மூடப்படுமுன் தன்னார்வலர்கள் எடுத்த படிகள் சோர்ஸ்போர்ஜ், கிட்ஹப் ஆகியவற்றில் வைக்கப்பட்டன.

இசைவும் வழியும் சேர்ந்தமையாத நிலைக்கு ஸ்ரீபெரும்புதூரோடு தொடர்புடைய பழங்கதை ஒன்றைச் சுட்டலாம். இவ்வூரில் பிறந்த இராமானுசர், பிரம்ம சூத்திரத்துக்குப் போதாயனர் இயற்றிய விருத்தியைக் காணக் கூரத்தாழ்வானுடன் காசுமீரம் சென்றார் என்றும், படிக்க இசைவு கிடைத்ததேயன்றி ஏடு கைக்கு எட்டவில்லை என்றும், கூரத்தாழ்வான் நினைவில் இருத்திக்கொண்டதே ஸ்ரீபாஷ்யத்துக்குத் துணையாயிற்று என்றும் குருபரம்பரை மரபு கூறுகிறது. இதனை வரலாற்று உண்மையாகக் கொள்வதா என்பது வேறு வினா. போதாயன விருத்தி இன்று கிடைக்கவில்லை என்பதும், மேற்கோள்களின் வழியாகவே அறியப்படுகிறது என்பதும் உறுதி.

எனினும் குளோன் செய்யப்பட்ட களஞ்சியத்தை முழுமையான ஆவணக்காப்பகமாகக் கருதுவது தவறு. கமிட்டில் உள்ள பெயரும் நாளும் எழுதியவர் தாமே இட்டவை. ஏட்டின் இறுதியில் எழுதியவர் இடும் குறிப்பை எவ்வளவு நம்புவோமோ அவ்வளவே இவற்றையும் நம்பலாம். வழுப்பதிவேடு, விவாதங்கள், முடிவெடுத்த கூட்டங்களின் குறிப்புகள் முதலியன பெரும்பாலும் களஞ்சியத்துக்கு வெளியே இருப்பவை. அவை குளோனில் வாரா. என்ன மாறிற்று என்பது எஞ்சும். ஏன் மாறிற்று என்பது பலவேளைகளில் எஞ்சாது.

ஆலையின் நிலையோ இதனினும் மோசமானது. 2006இல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை, வரிவழக்குகளின் காரணமாக 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்டுக்குக் கைமாறிய சொத்துகளில் சேராமல் நின்று, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. பின்னர் அவ்விடத்தைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கிற்று. சிம்பியன் நிரல் இவ்வூரில் எழுதப்பட்டதன்று. இவ்வூரில் நிகழ்ந்தது கைகளின் உழைப்பு. நிரலெழுதியவரின் ஒவ்வொரு வரிக்கும் நாள் குறிக்கப்பட்டுள்ளது. வருகைப் பதிவேடும் பயிற்சிக் கையேடும் பேருந்து முறைப்பட்டியலும் உற்பத்திப் பிரிவில் நின்றவரின் வரலாற்றுக்குச் சான்றாகும் தன்மையுடையவை. ஆனால் அவற்றைப் படியெடுக்க வெளியார் எவருக்கும் உரிமம் இல்லை.

ஆயினும் பொதுவெளியில் உள்ள பகுதி சிறிதன்று. அரசாணைகள், சிப்காட் அறிவிப்புகள், சுற்றுச்சூழல் அனுமதி ஆவணங்கள், தீர்ப்புகள் ஆகியன இணையத்தில் உள்ளன. தளம் புதுப்பிக்கப்படுந்தோறும் இவற்றின் முகவரி மாறலாம். பழைய வடிவத்தின்மேல் புதியது ஏறலாம். இவற்றைப் பதிவிறக்கிய நாளும் மூல முகவரியும் கமிட் குறிப்பில் இடம்பெறுமாறு ஒரு களஞ்சியத்தில் சேர்த்து, அதன் குளோன்களைக் குறைந்தது இரு பல்கலைக்கழக நூலகங்களில் வைப்பது முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவரின் மடிக்கணினியிலேயே தொடங்கக்கூடிய பணி. ஒரகடத்தைப் பொறுத்தவரை இதற்குக் காலம் கடந்துவிடவில்லை. அங்குள்ள ஆலைகள் பல இயங்கிக்கொண்டிருக்கின்றன.