உரம் வராத இரண்டு காலங்கள்

நெடுங்கேணிப் பக்கம் வயல் செய்யிற பெரியாக்களிட்டப் போய் உரம் இல்லாத காலத்தைப் பற்றிக் கேட்டால், "எந்தக் காலத்தைக் கேக்கிறியள்?" எண்டு திருப்பிக் கேட்க அவைக்கு நியாயம் இருக்கு. வன்னிக்கு அது இரண்டு தடவை வந்தது. ஒன்று 1990களின் பொருளாதாரத் தடை, மற்றது 2021.

முதல் தடையில் மண்ணெண்ணெய், பற்றரியோடு யூரியாவும் இருந்தது. வெடிமருந்து செய்யலாம் எண்டதுதான் காரணம். வேதியியல்படி அது பொய்யில்லை. 1909இல் ஃபிரிட்ஸ் ஹாபர் காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் அதற்குத் தொழிற்சாலை வந்தது. அடுத்த வருசம் உலகப்போர் தொடங்க, அதே அமோனியா வெடிமருந்துக்கும் போனது. ஆனால் வன்னியில் அந்தக் காரணத்துக்கு விலை கொடுத்தது நெல் விதைச்ச சனம்தான்.

காற்றில் 78 வீதம் நைதரசன். அதுக்குள்ளயே நிண்டுகொண்டு நெற்பயிர் நைதரசன் இல்லாமல் மஞ்சளாகும். காற்றிலிருந்து அதை நேரடியாக எடுக்க எந்தப் பயிராலும் ஏலாது. சில பற்றீரியாக்களால்தான் ஏலும். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர்முடிச்சில்தான் அந்த வேலை நடக்குது எண்டு ஹெல்ரீகல் 1886இல் அறிவித்தார். பெய்ஜெரிங்க் 1888இல் அந்தப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். மேட்டுக்காணியில் உழுந்து, பயறு, கௌபி, கச்சான் போடுறதும், காவிளாயைத் தழைப் பசளையாகத் தாக்கிறதும், மாட்டுப் பட்டி அடைக்கிறதும் இந்தக் கண்டுபிடிப்புக்கு முந்திய வழக்கங்கள். யூரியா வராத காலத்தில் மிஞ்சியிருந்ததும் இவைதான்.

இதை வைத்து முன்னோர் பெருமை பேச நாங்கள் வரேல்லை. உழுந்து எடுக்கிற நைதரசனில் பெரும்பங்கு மணிக்குள் போய், மணியோடு சந்தைக்குப் போய்விடும். செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டு வந்தால் மண்ணுக்கு மிஞ்சுறது இன்னும் குறைவு. நுண்ணங்கி தருகிறது உண்மை. எவ்வளவு, எப்ப தருகிறது எண்டதுதான் கேள்வி.

2021இல் அந்தக் கேள்வியை அரசு கேட்கவேயில்லை. ஏப்ரலில் முடிவு, மே மாதம் வர்த்தமானி: இரசாயன உர இறக்குமதி நிறுத்தம். கணக்கைப் பாருங்கோ. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கு. கூட்டெருவில் ஒன்று, இரண்டு வீதம்தான். ஒரு மூட்டைக்கு ஈடாக ஒரு தொன்னுக்கு மேல் கூட்டெரு வேணும். அதுவும் உடனே பயிருக்குக் கிடைக்காது. மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் அதை உடைத்துக் கொடுக்க வேணும். வைக்கோலை அப்படியே தாட்டால் நிலைமை இன்னும் மோசம். அதை உக்க வைக்கிற நுண்ணங்கிகள் முதலில் மண்ணில் இருக்கிற நைதரசனைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். பருவம் கடந்துதான் திருப்பித் தரும். நெல்லு அதுவரைக்கும் காத்திருக்காது.

சேதனப் பசளையை உள்ளூரில் தேவைக்குத் திரட்ட முடியாமல் சீனாவிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். மாதிரிகளில் எர்வீனியா வகைப் பற்றீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தொற்றுக்காப்பு நிலையம் சொன்னது. கிழங்கு, கரட்டை அழுக வைக்கிற இனங்கள் உள்ள வகை அது. கம்பனி மறுத்தது. 20,000 தொன்னோடு வந்த 'ஹிப்போ ஸ்பிரிட்' கப்பலில் இருந்து ஒரு மூட்டையும் இறங்கவில்லை. ஆனாலும் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. பற்றீரியாவை நம்பச் சொன்ன அரசுக்கு, எந்தப் பற்றீரியா எண்டு பார்க்கிற ஆய்வுகூடமும் அப்பதான் ஞாபகம் வந்ததுபோல.

நவம்பரில் தடை நீங்கியது. காலபோகம் அதுக்குள்ள தொடங்கியிருந்தது. அந்தப் போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய வருசத்தைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் விழுந்தது. வன்னியில் பலருக்கு மானாவாரியும் குளத்து நீரும்தான். ஒரு போகம் பிழைத்தால் அடுத்தது ஒரு வருசம் கழித்துத்தான்.

வேற வழி இருந்தது, ஆனால் மெதுவான வழி. சோயாவுக்கு ஏற்ற வேர்முடிச்சுப் பற்றீரியாவைத் தெரிந்து, வளர்த்து, விதையோடு கலந்து கொடுக்கிற வேலையைக் கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனம் வருசக்கணக்காகச் செய்தது. ஒரு பயிருக்கே அவ்வளவு காலம் எடுக்கிறது.

அடுத்த முறை உழுந்துக் காணிக்குப் போனால், பூக்கிற நேரம் ஒரு செடியை மெதுவாகக் கிளப்பி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கோ. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பற்றீரியா வேலை செய்யுது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் செடி மண்ணில் இருக்கிறதைத்தான் தின்னுது.